ஐப்பசி ஈரத்தில் காய வேண்டிய பேய்கள்: காற்றில் உலரும் களிமண்ணில் ஹாலோவீன் அலங்காரம் செய்யப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹாலோவீன் அக்டோபர் 31ஆம் தேதி வருகிறது. வடகிழக்குப் பருவமழை சென்னையில் வழக்கமாக அக்டோபர் 20ஆம் தேதியை ஒட்டித் தொடங்குகிறது. காற்றில் உலரும் களிமண்ணால் அந்த நாளுக்கான அலங்காரப் பொருள்களைச் செய்ய நினைக்கும் இராயபுரத்துக்காரரோ பெரம்பூர்க்காரரோ முதலில் நாட்காட்டியில் வட்டமிட வேண்டியவை இந்த இரண்டு தேதிகள்தாம். களிமண் பொட்டலத்தின் மேல் 24 மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்று அச்சிட்டிருப்பார்கள். அது ஈரமில்லாத காற்றுக்குச் சொல்லப்பட்ட கணக்கு. ஐப்பசியில் அடைமழை என்று பெரியவர்கள் சொல்லும் மாதத்தில், கடற்காற்று நேராக வீட்டுக்குள் வரும் காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும், கொடியில் போட்ட துணியே இரண்டு நாள் ஈரமாக இருக்கும்போது ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள களிமண் ஒரே நாளில் எப்படிக் காயும்? ஆகவே புரட்டாசியிலேயே, அதாவது அக்டோபர் முதல் வாரத்திலேயே, மண்ணைக் கையில் எடுத்துவிட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்திச் சொல்லப்போவது. மண்ணை உருட்டுவது ஒரு மாலை நேர வேலை. அதைக் கெடாமல் காய வைப்பது ஒரு வாரத்து வேலை.

முன்கூட்டியே தொடங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தீபாவளியும் இதே நாட்களை ஒட்டித்தான் வரும்; 2024இல் இரண்டும் அக்டோபர் 31ஆம் தேதியிலேயே வந்தன. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் பாரிமுனைக்குச் சென்று நிதானமாக நின்று பொருள் பார்த்து வாங்குவது எவராலும் ஆகாத காரியம். தேவையானவற்றை செப்டம்பர் மாதத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாலோவீனைப் பற்றி அறியாதவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். நவம்பர் 1ஆம் தேதி கிறிஸ்தவர்கள் கொண்டாடும் அனைத்துப் புனிதர் நாளுக்கு முந்தைய இரவே ஹாலோவீன். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் சீமை முள்ளங்கி வகைக் கிழங்கைக் குடைந்து அச்சமூட்டும் முகம் வெட்டி உள்ளே விளக்கு வைத்தார்கள். அங்கிருந்து குடிபெயர்ந்தவர்கள் அமெரிக்காவில் பூசணியைக் கண்டதும் கிழங்கின் இடத்தைப் பூசணி பிடித்துக்கொண்டது. இன்று நம் பகுதியில் பள்ளிகளிலும் கணினி நிறுவன அலுவலகங்களிலும் அடுக்ககங்களிலும் பிள்ளைகளும் இளைஞர்களும் வேடமிட்டு மகிழும் நாளாக அது வந்து சேர்ந்திருக்கிறது. கடையில் வாங்கும் பிளாஸ்டிக் மண்டையோட்டை விட, கையால் செய்த ஒரு சிறு பூசணி அந்த மாலைக்கு அதிக அழகு சேர்க்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

எந்த மண்ணை வாங்குவது

காற்றில் உலரும் களிமண் என்ற ஒரே பெயரில் கடைகளில் குறைந்தது மூன்று வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. இவற்றின் வேறுபாட்டை அறியாமல் வாங்குவதாலேயே புதியவர்கள் பலர் முதல் முயற்சியோடு இதைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

முதல் வகை, நீரில் குழைத்த கனிமத் தூளும் காகித நாரும் கலந்த வெள்ளை அல்லது செம்மண் நிறக் களிமண். கையில் எடுத்தால் குளிர்ச்சியாகவும் கனமாகவும் இருக்கும். நீர் ஆவியாக வெளியேறுவதால் இது இறுகுகிறது. வெளியேறிய நீரின் அளவுக்கு உருவமும் சுருங்குகிறது. நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை சுருங்கும் என்று வைத்துக்கொண்டு வேலை செய்தால் தவறு வராது. பூசணி, மண்டையோடு, விளக்குக் கூடு போன்று மேசையில் நிற்கும் பொருள்களுக்கு இதுவே ஏற்றது. காய்ந்த பிறகு உப்புத்தாள் கொண்டு தேய்த்து மழமழப்பாக்கலாம்.

இரண்டாம் வகை, பஞ்சு போன்ற எடையற்ற களிமண். பன்னிரண்டு வண்ணங்களில் சிறு சிறு பைகளாக, பிள்ளைகளுக்கான பொருள் என்று விற்கப்படும். காய்ந்த பிறகும் தக்கை போல இலேசாக இருக்கும், சற்று வளைந்தும் கொடுக்கும், விரிசல் அரிதாகவே விடும். காதணிக்கும் தலைக் கிளிப்புக்கும் குழந்தைகளின் கைக்கும் இதைவிட நல்லது இல்லை. ஆனால் இதன் மேல் உப்புத்தாள் பிடிக்காது; நுண்ணிய செதுக்கு வேலையும் நிற்காது.

மூன்றாம் வகை, சம அளவு இரண்டு மாவுகளைச் சேர்த்துப் பிசைந்தால் சில மணி நேரத்தில் கல்லாக இறுகும் கலவை. ஃபெவிக்ரில் மோல்டிட் என்ற பெயரில் பானை அலங்காரத்துக்கு நம் வீடுகளில் பல காலமாகப் பயன்படுவது இந்த வகையே. உண்மையில் இது காற்றில் காய்வதில்லை. ஒரு மாவிலுள்ள பிசினும் மற்றதிலுள்ள இறுகச் செய்யும் பொருளும் ஒன்றோடொன்று வினைபுரிந்து கெட்டியாவதால், வெளியே அடைமழை கொட்டினாலும் இது தன் நேரத்துக்கு இறுகிவிடும். அக்டோபர் 28ஆம் தேதி வரை ஒன்றும் தொடங்காதவருக்கு இதுவே துணை. விலை கூடுதல் என்பதால் முழு உருவத்தையும் இதிலேயே செய்யாமல், பழைய பாட்டில் அல்லது தேங்காய்ச் சிரட்டையின் மேல் மெல்லிய பூச்சாக இட்டு முகம் அமைப்பது சிக்கனமானது. கையுறை அணிந்து பிசையுங்கள். சிறு பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம்.

கொசப்பேட்டையில் விநாயகர் சிலைக்கும் கொலுப் பொம்மைக்கும் பயன்படுத்தும் இயற்கைக் களிமண்ணை வாங்கிச் செய்யலாமா என்று சிலர் கேட்பார்கள். அந்த மண்ணும் காற்றில் உலரும். ஆயினும் சூளையில் சுடாத வரை அது எளிதில் உடையும், நீர் பட்டால் கரையும். மேசைப் பொருளுக்கு ஓரளவு போதும். உடம்பில் அணியும் பொருளுக்கு ஆகாது. மண்ணை வாங்காவிட்டாலும் ஒரு முறை கொசப்பேட்டைத் தெருக்களில் நின்று அங்குள்ளவர்களின் கைவேலையைப் பாருங்கள் என்று சொல்வேன். குசவர் வாழ்ந்ததால் பெயர் பெற்ற அந்தப் பேட்டையில், மண்ணை ஈரத் துணியால் போர்த்தி வைக்கும் முறையிலிருந்து, புதிதாகச் செய்த உருவத்தை வெயிலுக்கு எடுத்துச் செல்லாமல் நிழலிலேயே விட்டு வைக்கும் பொறுமை வரை, இந்தக் கலைக்குத் தேவையான பாடம் முழுவதையும் கண்ணாலேயே கற்றுக்கொள்ளலாம்.

வீட்டிலேயே மண் தயாரிக்க விரும்பினால் ஒரு கோப்பை வெள்ளை ஃபெவிகால், ஒரு கோப்பை கார்ன்ஃப்ளார் எனப்படும் மக்காச்சோள மாவு, இரண்டு மேசைக்கரண்டி குழந்தைகளுக்கான எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைப் பழைய ஒட்டாத சட்டியில் கட்டியின்றிக் கரைத்து, மிகச் சிறிய தீயில் விடாமல் கிளறுங்கள். அல்வாப் பதம் போல் சட்டியை விட்டு உருண்டு வந்ததும் இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் நன்றாகப் பிசைந்து, காற்றுப் புகாமல் சுற்றி ஓர் இரவு வைத்துவிட்டால் மறுநாள் வழவழப்பான மாவு கிடைக்கும். அந்தச் சட்டியை மீண்டும் சமையலுக்கு எடுக்காதீர்கள். ஃபெவிகாலுக்குப் பதிலாக மைதாப் பசை காய்ச்சிச் செய்யும் முறையும் உண்டு. நம் ஊர் மழைக்காலத்தில் அது காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடுவதால் அதை நான் பரிந்துரைக்கவில்லை. வீட்டு மண் கடை மண்ணை விட அதிகமாகச் சுருங்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவிகள்

இதற்கெனத் தனியாகப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. சமையலுக்கு ஒதுக்கிவிட்ட சப்பாத்திக் கட்டை, ஐஸ் குச்சிகள், ஈர்க்குச்சி, மை தீர்ந்த பேனா, பழைய பல்துலக்கி, மழுங்கிய கத்தி, ஒரு கிண்ணம் தண்ணீர் ஆகியவை போதும். கழித்துக் கட்டிய முறுக்கு அச்சு இருந்தால் எடுத்து வையுங்கள். ஓமப்பொடித் தட்டு வழியாக மண்ணைப் பிழிந்தால் சூனியக்காரியின் தலைமுடியும் சிலந்தி வலையின் இழையும் நொடியில் கிடைக்கும். ரிப்பன் பக்கோடாத் தட்டு எகிப்திய மம்மியின் கட்டுத்துணியைத் தரும். அலுமினியத் தாள், உப்புத்தாள், அக்ரிலிக் வண்ணம், வார்னிஷ், காதணிக் கொக்கி, சிறு வளையங்கள் ஆகியவற்றைப் பாரிமுனையின் பந்தர் தெருவைச் சுற்றியுள்ள எழுதுபொருள், ஃபேன்ஸிக் கடைகளிலும் சவுகார்பேட்டைச் சந்துகளிலும் தேடலாம்.

முதல் உருவம்: பரங்கிக்காய்

தொடங்குபவர் முதலில் செய்ய வேண்டியது பூசணிதான். கோணல் விழுந்தாலும் பூசணியாகவே தெரியும் உருவம் அது. படத்தைப் பார்த்துச் செய்வதை விட, சந்தையில் ஒரு சிறு பரங்கிக்காயை வாங்கி எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் வரிகள் காம்பிலிருந்து புறப்பட்டு அடியில் சென்று கூடுவதையும், இரண்டு வரிகளுக்கு இடையே சதை புடைத்து நிற்பதையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டால் பிறகு படமே தேவைப்படாது.

அலுமினியத் தாளைக் கசக்கி, இறுக்கி, சுமார் 5 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டையாக்குங்கள். முழு உருண்டையையும் களிமண்ணாலேயே செய்தால் மண் வீணாவதோடு, நடுப்பகுதி பத்து நாளானாலும் காயாது. உருண்டையின் மேல் ஃபெவிகாலை மெல்லத் தடவுங்கள். 100 முதல் 120 கிராம் களிமண்ணை எடுத்து, கையின் சூட்டில் இளகும் வரை இரண்டு மூன்று நிமிடம் பிசைந்து, ஏழு எட்டு மில்லிமீட்டர் கனத்துக்கு வட்டமாகத் தேய்த்து, உருண்டையைப் போர்த்துங்கள். உள்ளே காற்று தங்காதபடி நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவ வேண்டும். தங்கிய காற்றே பிறகு மேலே கொப்புளமாகவும் விரிசலாகவும் தெரியும். ஓரங்கள் சேரும் இடத்தை ஈர விரலால் தேய்த்து மறையுங்கள். விரல் ஈரமாக இருந்தால் போதும். தண்ணீர் சொட்டக் கூடாது. தண்ணீரை அதிகம் ஊற்றி மழமழப்பாக்குவதே புதியவர்கள் செய்யும் பெரிய தவறு என்று நான் கருதுகிறேன். அப்போதைக்கு அழகாகத் தெரியும் அந்த மேற்பரப்பு அதிக நீரை உறிஞ்சி, காயும்போது வலை வலையாக வெடிக்கும்.

இனிக் கத்தியின் முதுகால் மேலிருந்து கீழாக எட்டு வரிகளை அழுத்துங்கள். காம்புக்கு ஒரு சிறு துண்டை முறுக்கி எடுங்கள். காம்பை அப்படியே ஒட்டினால் காய்ந்ததும் கழன்று விழுந்துவிடும். இரண்டு பரப்புகளிலும் ஈர்க்குச்சியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, களிமண்ணையே தண்ணீரில் கரைத்த கூழை இடையில் வைத்து அழுத்தினால்தான் பிடிப்பு உண்டாகும். மூக்கு, காது, கொம்பு என்று எந்த உருவத்தில் எந்தத் துண்டைச் சேர்த்தாலும் இந்த விதி மாறாது. கண்ணையும் வாயையும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குடைந்துவிட்டு, பிறகு உட்பக்கம் கருப்பு பூசினால் போதும்.

உள்ளே விளக்கு எரியும் பூசணி வேண்டுமானால் எவர்சில்வர் டம்ளரே அச்சு. டம்ளரைக் கவிழ்த்து, அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள களிமண் பட்டையை மேலே சுற்றி ஒட்டுங்கள். அடிப்பகுதியின் மேல் ஒரு வட்டத் துண்டை வைத்து மூடி, கண்ணையும் வாயையும் முழுவதுமாக வெட்டி எடுங்கள். ஏழு எட்டு மணி நேரம் கழித்து, மண் கையில் ஒட்டாமலும் அதே வேளை நகம் பதியும் மென்மையோடும் இருக்கும் பதத்தில், களிமண் கூட்டை மெல்ல மேல்நோக்கி உருவி எடுத்துவிடுங்கள். கவிழ்ந்த டம்ளர் மேலே குறுகலாக இருப்பதால் கூடு எளிதாகக் கழன்று வரும். மறந்து மறுநாள் வரை விட்டுவிட்டால், மண் சுருங்க, டம்ளர் சுருங்காமல் நிற்க, கூடு மேலிருந்து கீழ்வரை பிளந்துவிடும். இதற்குள் பேட்டரியில் எரியும் சிறு எல்இடி விளக்கை மட்டுமே வையுங்கள். காகித நார் கலந்த மண் என்பதாலும், மேலே வார்னிஷ் இருப்பதாலும், மெழுகுவர்த்தியோ அகல் விளக்கோ வைக்கக் கூடாது.

பேய், மண்டையோடு, திருஷ்டி முகம்

வெள்ளைப் போர்வைப் பேய் மிக எளிது. சிறு பாட்டிலின் தலையில் அலுமினிய உருண்டையை வைத்து, மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்த களிமண் வட்டத்தைத் துணி போலப் போர்த்தி, மடிப்புகளை விரலால் ஒழுங்குபடுத்தி, கண்களுக்கு இரண்டு துளைகளைக் குத்தினால் முடிந்தது. மண்டையோட்டில் புதியவர்கள் கண்குழிகளைச் சிறியதாகவும் மிக மேலேயும் வைத்துவிடுகிறார்கள். முகத்தின் நடுவில், பெரிய குழிகளாக வையுங்கள். வௌவாலின் சிறகுக்கும் சிலந்தியின் காலுக்கும் உள்ளே கம்பி தேவைப்படும். கட்டடத்தில் பயன்படுத்தும் கட்டுக் கம்பியை ஒருபோதும் எடுக்காதீர்கள். முதல் ஆண்டு நான் அதை வைத்துச் செய்த வெள்ளைப் பேய்களின் கைகளில் மூன்றாம் நாளே பழுப்புக் கறை படர்ந்தது. ஈர மண்ணுக்குள் இரும்பு துருவேறி, நீர் வெளியே வரும் வழியில் அந்தத் துருவும் மேற்பரப்புக்கு வந்துவிட்டது. வண்ணம் பூசி மறைத்தும் கறை மறுபடி தெரிந்தது. அலுமினியக் கம்பி அல்லது செம்புக் கம்பியே இதற்கு உகந்தது.

நான் மிகவும் விரும்பிச் செய்யும் உருவம் திருஷ்டி முகம். புதிதாகக் கட்டும் வீட்டின் முன்னும் கடை வாசலிலும் தொங்கும் அந்த முகத்தை நாம் எல்லோரும் பிறந்தது முதல் பார்த்து வளர்ந்திருக்கிறோம். பிதுங்கிய உருண்டைக் கண்கள், மேல்நோக்கி முறுக்கிய மீசை, உதட்டைத் தாண்டி வளைந்து வரும் இரண்டு கோரைப்பற்கள், தொங்கும் சிவப்பு நாக்கு ஆகிய நான்கே உறுப்புகளைக் கொண்டு, நூறு அடி தூரத்திலிருந்தும் தெரியும் அச்சத்தை உண்டாக்குவது எப்படி என்பதை அந்த முகத்தை வரைந்தவர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள். கண்ணேறு படாமலிருக்க வெண்பூசணியில் முகம் எழுதிக் கட்டும் நம் வழக்கமும், தீயவை விலக விளக்குப் பூசணி வைக்கும் மேல்நாட்டார் வழக்கமும் ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் செய்பவரின் கைக்கு இரண்டும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன: அச்சமூட்டும் முகத்துக்கு உறுப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்து அளவைக் கூட்ட வேண்டும். ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து, அதன் முதுகின் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து, ஆறு மில்லிமீட்டர் கனத்தில் முகத்தைப் பரப்பி, கண்களை அரை உருண்டைகளாகவும் மீசையை இரண்டு உருளைகளாகவும் கூழ் வைத்து ஒட்டுங்கள். மாட்டுவதற்கான இரண்டு துளைகளை மண் ஈரமாக இருக்கும்போதே இட்டுவிட வேண்டும். பூசணிக் கூட்டைப் போலவே இதையும் நகம் பதியும் பதத்தில் தட்டிலிருந்து எடுத்து, வளைவு தணியாமல் உள்ளே கசக்கிய செய்தித்தாளை முட்டுக் கொடுத்துக் காய விடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கடைகளில் விற்கும் ஹாலோவீன் பொருள்களில் கல்லறைக் கல்லும் சிலுவையும் நிறைய இருக்கும். நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு முந்தைய நாட்களில் காசிமேடு கல்லறைத் தோட்டத்தில் மக்கள் தம் வீட்டாரின் கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். அதே வாரத்தில், அதே தெருக்களில், சிலுவை பொறித்த கல்லறை பொம்மையை வாசலில் வைப்பது அண்டை வீட்டாரின் மனத்தைப் புண்படுத்தும். பூசணியும் வௌவாலும் போதும்.

காய வைத்தல்

விரிசல் ஏன் வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மேற்பரப்பிலிருந்து நீர் முதலில் வெளியேறுவதால் மேல்தோல் சுருங்க முயல்கிறது. உள்ளே இன்னும் ஈரமாக இருக்கும் மண் சுருங்காமல் நிற்கிறது. இறுக்கம் தாங்காமல் தோல் பிளக்கிறது. ஆகவே மழைக்காலத்திலும்கூட, முதல் நாள் வேகமாகக் காய வைக்கக் கூடாது. இது கேட்பதற்கு முரணாகத் தோன்றலாம். முதல் இரவு முழுவதும் உருவத்தை மெல்லிய பருத்தித் துணியால் போர்த்தி, மின்விசிறிக்கு நேராக இல்லாமல் நிழலில் வையுங்கள். இரண்டாம் நாள் துணியை எடுத்துவிட்டு, மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் வைத்து, உருவத்தை ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பி வையுங்கள். மூன்றாம் நாளிலிருந்து காற்று எவ்வளவு பட்டாலும் நல்லது.

செய்தித்தாளின் மேல் வைத்துக் காய வைப்பவர்கள் அதிகம். தாள் ஈரத்தை உறிஞ்சி அங்கேயே வைத்துக்கொள்வதால் அடிப்பக்கம் காயாது, ஒட்டியும் கொள்ளும். சல்லடையைக் கவிழ்த்து அதன் மேல் வைத்தால் அடியிலும் காற்று புகும். மொட்டை மாடி வெயில் தட்டையான பொருள்களை வளைத்துவிடும் என்பதால் காதணித் துண்டுகளை அங்கே எடுத்துச் செல்லாதீர்கள். சல்லடையின் மேல் வைத்து, மேலே இன்னொரு வலையை இலேசாக அழுத்தி வையுங்கள்.

மழை விடாமல் பெய்து, காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தொடும் நாட்களில் மின்விசிறி ஈரக் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். வீட்டில் குளிர்சாதனம் இருந்தால் அந்த அறையே சிறந்த உலர்த்தும் இடம். அது காற்றிலுள்ள ஈரத்தையும் சேர்த்து வெளியேற்றுகிறது. இல்லாதவர்கள் காற்றுப் புகாத டப்பாவின் அடியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பரப்பி, சல்லடைத் தட்டின் மேல் சிறு உருவங்களை வைத்து மூடலாம். குளிர்பதனப் பெட்டியின் பின்புறம் எழும் இளஞ்சூட்டில் ஒரு தட்டை வைப்பதும் பயன் தரும். அடுப்பருகே வைப்பது, முடி உலர்த்தியின் சூட்டைக் காட்டுவது ஆகிய குறுக்கு வழிகள் தோலை மட்டும் காய வைத்து, நான் மேலே சொன்ன விரிசலை வரவழைக்கும்.

காய்ந்துவிட்டதா என்பதை நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உருவத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளிருந்து நீர் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சமையலறைத் தராசு இருந்தால் இன்னும் நல்லது: இன்று காலை எடையும் இரவு எடையும் ஒன்றாக இருந்தால் காய்ந்துவிட்டது. இந்தச் சோதனையைச் செய்யாமல் வண்ணம் பூசினால், உள்ளே அடைபட்ட ஈரம் ஒரு வாரத்தில் வண்ணத்தைக் கொப்புளமாகத் தூக்கும், அல்லது கரும்பூஞ்சையாக வெளிவரும்.

அப்படியும் விரிசல் விழுந்தால் வருந்த வேண்டாம். மயிரிழை போன்ற விரிசலுக்குக் களிமண் கூழில் சில துளி ஃபெவிகால் கலந்து தூரிகையால் நிரப்புங்கள். அகன்ற பிளவை முதலில் ஈரத் தூரிகையால் நனைத்து, புதிய மண்ணை உள்ளே அழுத்தி, ஒரு நாள் காய வைத்து, உப்புத்தாளால் தேயுங்கள். அந்தப் புதிய மண்ணும் சுருங்கும் என்பதால் இதையே இரண்டு முறை செய்ய நேரலாம். மண்டையோட்டில் விழுந்த விரிசலை அப்படியே விட்டுவிடுவதே அழகு.

அணியும் பொருள்கள்

காதணிக்கு இரண்டு ஐஸ் குச்சிகளைச் சற்று இடைவெளி விட்டு வைத்து, அவற்றின் மேல் கட்டை உருளும்படி மண்ணைத் தேயுங்கள். பலகை முழுவதும் ஒரே கனமாக வரும். ஒரே கனமாக இருந்தால்தான் வளையாமல் காயும். ஒற்றைக் குச்சியின் கனம் சிறு தோட்டுக்கும், ஒன்றன் மேல் ஒன்றாக வைத்த இரண்டு குச்சிகளின் கனம் பதக்கத்துக்கும் சரியாக இருக்கும். வௌவால், பேய், பிறை நிலா, கருப்புப் பூனை ஆகியவற்றின் வடிவத்தைத் தடித்த அட்டையில் வரைந்து வெட்டி, மண்ணின் மேல் வைத்துக் கத்தியால் சுற்றி அறுங்கள். வெட்டிய ஓரத்தை ஈர விரலால் ஒரு முறை தடவிவிட்டால் தோலில் உறுத்தாது. வளையம் கோப்பதற்கான துளையை ஈர்க்குச்சியால் இப்போதே குத்துங்கள். மண் சுருங்கும்போது துளையும் சிறுத்துவிடும் என்பதால், தேவைக்குச் சற்றுப் பெரிதாகவும், ஓரத்திலிருந்து குறைந்தது மூன்று மில்லிமீட்டர் தள்ளியும் இருக்க வேண்டும். காதில் தொங்கும் எடையை மறந்துவிடாதீர்கள்; பெரிய வடிவம் வேண்டுமென்றால் பஞ்சுக் களிமண்ணுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

கண்விழி மோதிரம், சிலந்திக் கிளிப், பூசணி ஊசிப் பதக்கம் ஆகியவற்றில் உருவத்தை முழுவதும் காய வைத்து, வண்ணமும் வார்னிஷும் முடித்த பிறகே உலோக அடியை ஒட்ட வேண்டும். ஒட்டும் இரண்டு பரப்புகளையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிவிட்டு, இரண்டு குழாய்களாக வரும் அரால்டைட் பசையைப் பயன்படுத்துங்கள். ஃபெவிக்விக் நொடியில் பிடிக்கும். ஆனால் கீழே விழும் அதிர்ச்சியில் நொடியில் விட்டும்விடும். கொக்கிகளைப் பொறுத்தவரை, கடலோரத்தில் வாழும் நாம் மலிவான இரும்புக் கொக்கியை வாங்குவது வீண். உப்புக் காற்றில் ஒரே மாதத்தில் துருவேறிவிடும். துருப்பிடிக்காத எஃகுக் கொக்கிகளைக் கேட்டு வாங்குங்கள். இரத்தக்காட்டேரிப் பல் செய்து வாயில் மாட்டிக்கொள்ள ஆசைப்படும் பிள்ளைகளிடம், இந்த மண்ணும் வண்ணமும் வாயில் வைக்கத் தக்கவை அல்ல என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். பல்லைக் கயிற்றில் கோத்துக் கழுத்தணியாக்கிக் கொடுக்கலாம்.

வண்ணமும் மேல்பூச்சும்

முதலில் வெள்ளை அக்ரிலிக் வண்ணத்தைச் சிறிது தண்ணீர் சேர்த்து ஒரு கை பூசினால், மேலே வரும் நிறங்கள் மண்ணில் இழுக்காமல் பளிச்சென்று நிற்கும். பூசணிக்கு நேராக ஆரஞ்சு நிறத்தை அடித்தால் பிளாஸ்டிக் பொம்மை போலாகிவிடும். வரிப் பள்ளங்களில் முதலில் பழுப்பை ஓட விட்டு, துணியால் மேட்டில் உள்ளதைத் துடைத்துவிட்டு, பிறகு ஆரஞ்சைப் பூசி, கடைசியாக ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் மஞ்சளைத் தொட்டு மேடுகளின் மேல் மட்டும் தடவுங்கள். சந்தையில் வாங்கி எதிரில் வைத்த பரங்கிக்காயும் அப்படித்தான் இருக்கிறது. மண்டையோட்டுக்கும் இதே முறைதான். நிறங்கள் மட்டும் காப்பிப் பொடி நிறமும் தந்த நிறமும்.

வண்ணம் ஒரு நாள் காய்ந்த பிறகு வார்னிஷை இரண்டு மெல்லிய பூச்சுகளாக இடுங்கள். அடிப்பக்கத்தையும் துளைகளின் உட்புறத்தையும் பலர் விட்டுவிடுகிறார்கள். ஈரம் நுழைவது அந்த வழியாகத்தான். வார்னிஷ் பூசியதாலேயே நீர் புகாது என்று நம்பி மழைச்சாரல் படும் பால்கனியில் தொங்கவிடாதீர்கள். அப்படித் தொங்கவிட்ட என்னுடைய திருஷ்டி முகம் ஒன்று, ஒரே இரவுச் சாரலில் மீசை ஊறி, காலையில் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. வீட்டு வாசலின் உட்புறம், மாடிப்படிச் சுவர், சன்னலின் உள்பக்கக் கம்பி ஆகியவையே இவற்றுக்குரிய இடங்கள். கனமான முகத்தை நூலில் கட்டாமல் நைலான் தூண்டில் நரம்பில் கட்டுங்கள். காசிமேட்டில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் கேட்டால் எடை தாங்கும் அளவைப் பார்த்துக் கொடுப்பார்கள்.

மிஞ்சிய களிமண்ணை ஈரத் துணியில் சுற்றி, காற்றை வெளியேற்றிய ஜிப் கவரில் இட்டு, அதை இன்னொரு டப்பாவில் மூடி வைத்தால் கார்த்திகை வரை பிசையும் பதத்தில் இருக்கும். வாரம் ஒரு முறை துணியின் ஈரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். செய்த பொருள்களை நவம்பர் முதல் வாரத்தில் இறக்கி, உலர்ந்த துணியால் துடைத்து, எல்இடி விளக்குகளின் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே செய்தித்தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல்லோடு பெட்டியில் வையுங்கள். பெட்டி தரையில் இருக்க வேண்டாம். டிசம்பர் மழை நீர் உள்ளே வரும் தெருக்களில் பரணே பாதுகாப்பான இடம்.